வியாழக்கிழமை மகன்

என் வீட்டுக்காரர் போய்ச்சேர்ந்த பிறகு அவருக்கு ஒரு நினைவுக்கூட்டம் வைத்தார்கள். வைத்தது அவர் ஆயுசு முழுக்க உழைத்த கம்பெனி இல்லை. ஒரு பைசா வாங்காமல் வாராவாரம் போய்வந்த முதியோர் இல்லம். சாப்பாட்டுக்கூடத்து மேசைகளை ஓரமாகத் தள்ளி, நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, மைக்கூட வைத்திருந்தார்கள். பேசியவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: தன்னலமில்லாதவர். குடும்பத்தைத் தன்னலமில்லாமல் காப்பாற்றினார், தன்னலமில்லாமல் வாசித்தார், தன்னலமில்லாமல் சேவை செய்தார். நான்காவது ஆளும் அதையே சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த என் மகள் முழங்கையில் கிள்ளினாள். நான் அழுகிறேன் என்று நினைத்து யாரோ ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்த மனுஷன் அங்கே இருந்திருந்தால் அந்த வார்த்தை காதில் விழுந்ததும் எழுந்து வெளியே போயிருப்பார். போகிற வழியில் நாற்காலியில் இடித்துக்கொண்டு, நாற்காலியிடம் சாரி சொல்லியிருப்பார். சும்மா சொல்லவில்லை, அவர் நாற்காலியிடம் சாரி சொல்லி நானே பார்த்திருக்கிறேன். கம்பெனியில் அவருக்கு 'சாரி சார்' என்றுதான் பெயர். அவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள உயரமான கட்டடங்களின் மொட்டை மாடியில், புழுக்கம் தாங்காத ஒரு சின்ன அறைக்குள், மோட்டாருக்கும் கம்பிவடத்துக்கும் நடுவில் அவருடைய இளமை போயிற்று. நான் லாண்டரிக் கடையில் கவுண்டரில் நிற்கிறவள். ஊரார் துணியில் இருக்கிற கறை எல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனால் இவர் சட்டைக் கையில் ஏறிய கிரீஸ் மட்டும் கடைசிவரை என்னை ஜெயித்துக்கொண்டே இருந்தது.

எந்த இடத்தில் இருக்கிறாரோ அந்த இடத்தில் இல்லாத வேலைக்காக வருத்தப்படுவது அவர் சுபாவம். வீட்டில் இருந்தால் எந்தக் கட்டடத்தில் யார் மாட்டிக்கொண்டு தவிக்கிறார்களோ என்று தவிப்பார். வேலையில் இருந்தால் பிள்ளைக்குத் தலை வாரிவிடாமல் வந்துவிட்டேனே என்று தவிப்பார். மகளுக்குச் சின்ன வயதில் இரட்டைப் பின்னல் போட்டது நான் இல்லை, அவர்தான். என் அப்பா படுக்கையில் விழுந்து எங்களோடு இருந்த காலம் முழுக்க அவருக்கு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சவரம் செய்துவிட்டதும் அவர்தான். அப்பா செத்த அன்று, முதல் நாள் சவரத்தில் கன்னத்தில் ஒரு கீறல் விழுந்துவிட்டது என்று சொல்லி விசும்பினார். "எழுபத்தெட்டு வயசுக் கட்டை உங்க கீறல்லயா போச்சு?" என்று சிடுசிடுத்தேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவர் நெஞ்சு குற்றம் இல்லாமலே குறுகுறுக்கும்.

எனக்கு மாமியார் கொடுமை கிடையாது, ஏனென்றால் மாமியாரே கிடையாது. இவர் கைக்குழந்தையாக இருக்கும்போதே தாய் போய்விட்டாள். ஒரு போட்டோகூட இல்லை. பெரியப்பா வீடு, சித்தப்பா வீடு என்று பந்தாட்டமாக வளர்ந்தவர். "என்னால அவங்களுக்கும் கஷ்டம்" என்பார். கல்யாணமான புதிதில் தோழிகளெல்லாம் எனக்கு அதிர்ஷ்டம் என்றார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். இதைப் பற்றி வேறு மாதிரி யோசிக்க எனக்கு முப்பது வருஷம் ஆயிற்று.

மவுத் ஆர்கன் கதைக்கு வருகிறேன். லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டால் வெளியே எடுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒருவர் மேலே போய் மெயினை அணைத்து, பிரேக்கைத் தளர்த்தி, மோட்டார் சக்கரத்தைக் கையால் சுற்றிச் சுற்றி லிஃப்டை ஒரு மாடிக்கு நேராகக் கொண்டுவரவேண்டும். இன்னொருவர் கதவுக்கு வெளியே நின்று உள்ளே இருப்பவரோடு பேசிக்கொண்டே இருக்கவேண்டும். பேச்சு நின்றால் உள்ளே இருப்பவருக்குப் பயம் ஏறும், பயம் ஏறினால் கதவை நெம்பப் பார்ப்பார், அதுதான் ஆபத்து. இவருக்கோ நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச வராது. அதனால் விடலைப் பருவத்தில் சத்திரம் போன்ற ஒரு தொழிலாளர் விடுதியில் தங்கியிருந்தபோது கற்றுக்கொண்ட மவுத் ஆர்கனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போக ஆரம்பித்தார். கதவிடுக்கில் வாயை வைத்து மெதுவாக வாசிப்பார். லிஃப்ட் ஓடுகிற குழிக்குள் அந்தச் சத்தம் மேலும் கீழும் சுற்றி வருமாம். ஒருமுறை மாட்டிக்கொண்ட வக்கீல் ஒருவர் கதவு திறந்த பிறகும் வெளியே வராமல், "பாதியில விட்டுட்டீங்களே, முடிச்சிட்டுப் போங்க" என்று உள்ளேயே நின்றிருக்கிறார்.

இன்னொரு முறையும் உண்டு. வெளியே வந்தவர் என்ன சொன்னாலும் முதலில் ஒத்துக்கொள்ளவேண்டும். "உன் கம்பெனியைச் சும்மா விடமாட்டேன்" என்றால் "சரிங்க" என்று தண்ணீர் கொடுக்கவேண்டும். பயந்தவரோடு வாதாடக்கூடாது. இந்த முறையால்தான் எல்லாம் வந்தது.

அந்த முதியோர் இல்லம் ஞாபகம் தப்பியவர்களுக்கானது. ஒரு நாள் மத்தியானம் அங்கே லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு ஆயாவும், சக்கர நாற்காலியில் ஒரு கிழவியும். கிழவி போட்ட கூச்சல் தெருவரைக்கும் கேட்டதாம். இவர் வாசிக்க ஆரம்பித்ததும் கூச்சல் முனகலாகி, முனகல் ராகமாகி, கதவைத் திறக்கும்போது அந்த அம்மாள் கூடவே பாடிக்கொண்டிருந்தாள். வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது இவர் முகம். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "எவ்வளவு நேரம்டா மொட்டை? அம்மா பயந்தே போயிட்டேன் பாரு" என்றாள்.

என் வீட்டுக்காரருக்கு அப்போது தலை கொள்ளாத முடி.

"வந்துட்டேம்மா" என்றார் இவர்.

அவ்வளவுதான் நடந்தது. பயந்தவரோடு வாதாடாமல் ஒரு வார்த்தை சொன்னார். பக்கத்தில் நின்ற மேட்ரன் அசந்துபோனாள். "இங்க புதுசா வர்றவங்களுக்கு நாங்க முதல்ல சொல்லிக்கொடுக்கறதே இதுதான். யாரையும் திருத்தாதீங்க. அவங்க உங்களை யாருன்னு சொல்றாங்களோ, அந்த நேரத்துக்கு நீங்க அவங்கதான். யாருமே சொல்லித்தராம நீங்க செஞ்சிட்டீங்க" என்று சொல்லி, வாரம் ஒரு நாள் வந்து வாசிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறாள். இவருக்கு 'முடியாது' என்ற வார்த்தை வாயில் முளைக்கவே இல்லை.

வியாழக்கிழமை அவருக்கு வார விடுமுறை. எனக்கும் வியாழக்கிழமைதான், கடை முதலாளியிடம் தொங்கிக்கொண்டு மாற்றி வாங்கியிருந்தேன், ரெண்டு பேரும் ஒரு நாளாவது சேர்ந்து இருக்கலாம் என்று. அந்த நாள் அப்படியே பறிபோயிற்று. கூடத்தில் எல்லாருக்கும் வாசிப்பாராம். அதன் பிறகு மாடியில் அந்தக் கிழவி அறைக்குப் போய்த் தனியாக வாசிப்பாராம். அவளுக்குச் சாப்பாடு ஊட்டிவிட்டுத்தான் வருவாராம். சாயங்காலம் திரும்பும்போது முகத்தில் ஒரு வெளிச்சம், அதன் மேலேயே ஒரு திருட்டு முழி. "மொட்டைக்கு இன்னிக்கு என்ன சொன்னாங்க அம்மா?" என்று குத்துவேன். "சாரி, நேரமாயிடுச்சு" என்பார். நான் கேட்டது அதுவா? ஆனாலும் அந்த மொட்டைப் பெயரைச் சொன்னால் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வரும், அடக்கிக்கொள்வார். இப்படியே நாலு வருஷம் ஓடியது.

நாலாவது வருஷக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை அவர் சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டார். செருப்பைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தார். முகத்தில் ரத்தம் இல்லை.

"என்னங்க ஆச்சு? யாராவது போயிட்டாங்களா?"

"இல்ல. ஒருத்தர் வந்துட்டாரு."

கிழவிக்கு ஊட்டிக்கொண்டிருக்கும்போது அறை வாசலில் ஒரு ஆள் வந்து நின்றானாம். தலையில் பேருக்கு ஒரு முடி இல்லை. அதைப் பார்த்ததும் இவர் கையில் இருந்த கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டார். கிழவி அந்த ஆளைப் பார்த்து, "யாருடா மொட்டை இது, உன் சிநேகிதனா?" என்று இவரிடம் கேட்டாளாம். வந்தவன் திரும்பிப் படியிறங்கிப் போய்விட்டான். இவர் பின்னாலேயே ஓடி, வாசலில் பிடித்து, எத்தனை சாரி சொன்னாரோ ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

வந்தவர்தான் கிழவியின் நிஜ மகன், டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். இங்கிருந்து பக்கத்துப் பேட்டையில்தான் வீடு. நாலு வருஷத்துக்கு மேல் அம்மாவை வந்து பார்க்கவில்லை. இல்லத்துக்குக் கட்டவேண்டியதை மட்டும் தவறாமல் கட்டிவந்தார். அம்மாவுக்கு உடம்பு நாளுக்கு நாள் இறங்குகிறது என்று மேட்ரன் போன் செய்த பிறகுதான் மனதைத் திடப்படுத்திக்கொண்டு வந்திருக்கிறார். வந்து பார்த்தால் தன்னுடைய இடத்தில் இன்னொருத்தன் உட்கார்ந்துகொண்டு, தன்னுடைய பெயருக்கு ஆமாம் போட்டுக்கொண்டு, தன்னுடைய அம்மாவுக்குச் சோறு ஊட்டுகிறான்.

"நான் இன்னொருத்தர் வீட்டுக்குள்ள பூந்துட்டேன்" என்றார் இவர். "திருப்பிக் குடுத்துடணும்."

"என்னத்தைத் திருப்பிக் குடுப்பீங்க? அது என்ன ஸ்பானரா?"

அவர் கேட்கவில்லை. கிழவிக்கு அந்த மவுத் ஆர்கன் சத்தம்தான் மகன் என்று முடிவு செய்துகொண்டார். அவள் எப்போதும் முனகுகிற ஒரு தாலாட்டு உண்டு, இவர் அதைக் காதால் கேட்டே வாசிக்கப் பழகியிருந்தார். அதை அந்த மகனுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டால் அவள் தன்னால் அவரிடம் போய்விடுவாள், தான் நைசாக விலகிக்கொள்ளலாம் என்பது திட்டம். டிரைவிங் ஸ்கூல்காரரும் சம்மதித்தார். தவித்தவன் வாய்க்கு எந்தத் தண்ணீர் என்று தெரியவா போகிறது?

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பாடம் நடந்தது. ஊருக்கெல்லாம் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர் இங்கே மாணவராக உட்கார்ந்து வியர்த்து வழிந்தார். "ஊதறதா அண்ணே, இழுக்கறதா?" என்று ஒவ்வொரு சுரத்துக்கும் கேட்பார். தப்பாக வாசித்துவிட்டால் மேசைக்கடியில் வலது கால் தன்னால் தரையை மிதிக்கும், பிரேக் போடுகிறாராம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. அடுப்படிக்குப் போய்ச் சிரித்துவிட்டு வருவேன். அவர் என்னை அண்ணி என்று கூப்பிட ஆரம்பித்தது அப்போதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏன் இத்தனை நாள் வரவில்லை என்பதை அவராகவே சொன்னார். அவர் மனைவிக்கு ஆறாம் மாதத்தில் குழந்தை தங்காமல் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று அம்மா, "ஒரு உசுரைக்கூட வயித்துல வச்சுக் காப்பாத்தத் துப்பில்ல" என்று சொல்லிவிட்டாள். மருமகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு குழந்தையும் உண்டாகவில்லை, மாமியாரோடு பேச்சும் இல்லை. கொஞ்ச நாளில் அம்மாவுக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்தது. தான் சொன்னது அம்மாவுக்கே ஞாபகம் இல்லை என்றுதான் மகன் நினைத்தார். "அம்மாவைப் பாக்கப் போனா வீட்டுக்காரிக்குத் துரோகம். போகலன்னா பெத்தவளுக்குத் துரோகம். நான் எதுவுமே செய்யாம இருந்துட்டேன் அண்ணி. அது ரெண்டு பேருக்கும் துரோகம்" என்றார். இருதலைக் கொள்ளி எறும்பு என்பது அந்த ஆள்தான். எனக்குச் சிரிப்பு அன்றோடு நின்றுபோயிற்று.

பாட்டு ஒருமாதிரி வந்ததும் ரெண்டு பேரும் சேர்ந்து இல்லத்துக்குப் போனார்கள். அன்று நடந்ததை என் வீட்டுக்காரர் சொன்னபடியே சொல்கிறேன். டிரைவிங் ஸ்கூல்காரர் கட்டில் பக்கத்தில் நின்று வாசித்தார். பாதியில் தடுமாறி, ஊதவேண்டிய இடத்தில் இழுத்து, வாத்தியம் கிறீச்சென்று கத்தியது. கிழவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அவரை நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"டேய் மொட்டை" என்றாள். "சின்ன வயசுல மொட்டை போட்டு விட்டேன், முளைக்கவே இல்லையாடா இன்னும்?"

அந்த மனிதர் அப்படியே மடங்கிக் கட்டில் காலடியில் உட்கார்ந்துவிட்டார். அவள் அவர் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். சாப்பிட்டியா, இளைச்சுட்டியே என்று எல்லாம் கேட்டாள். பிறகு ஜன்னலோரம் நின்றிருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்து, "இவரு யாரு?" என்றாள்.

"மவுத் ஆர்கன் வாசிக்க வந்தேம்மா."

"அப்படிங்களா? உக்காருங்க, நிக்கறீங்களே" என்றாளாம், மரியாதையாக.

நினைத்தது நடந்துவிட்டது. திருப்பிக் கொடுக்கவேண்டியதைக் கொடுத்தாயிற்று. இந்த மனுஷன் சந்தோஷமாக அல்லவா வீட்டுக்கு வந்திருக்கவேண்டும்? அடுப்படியில் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். வந்து கதவில் சாய்ந்து நின்றார்.

"அந்த நிமிஷம் எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா?" என்றார். "அந்த ஆள் மேல கோவம் வந்துச்சு. எங்கிருந்துடா வந்தேன்னு. அந்தம்மா திரும்ப மறந்துடணும்னு நினைச்சேன். பெத்த பிள்ளைய அம்மா மறந்துடணும்னு நினைச்சேன்."

நான் குழாயை மூடினேன்.

"சேவைக்கு வர்றேன்னு எல்லாரும் கும்பிட்டாங்க. நான் சேவைக்கா போனேன்? 'அம்மா'ன்னு கூப்பிட்டா 'என்னடா'ன்னு ஒரு குரல் வருது. அதுக்காகப் போனேன். என் வயசுக்கு அதுவரைக்கும் நான் யாரையும் அப்படிக் கூப்பிட்டதே இல்ல. திருட்டுப் பய நான்."

முப்பது வருஷம் கூடவே குடித்தனம் நடத்தியும் எனக்குத் தெரியாமல் போனது இதுதான். மாமியார் இல்லாதது எனக்கு அதிர்ஷ்டம் என்று சொல்லித் திரிந்திருக்கிறேன், அதுவும் அவர் காதுபடவே. வாயில் வரும் எந்தக் கிண்டலும் அன்று வரவில்லை. ஈரக்கையோடு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "நீங்க எதையும் திருடல" என்றேன். அவர் நம்பவில்லை.

அதன் பிறகு வியாழக்கிழமை அவர் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று மேட்ரனிடம் சொல்லிவிட்டார். நான் கேட்டுக்கேட்டுக் கிடைக்காத நாள் எனக்குத் திரும்பக் கிடைத்தது. கடைத்தெருவுக்குப் போனோம். ஒழுகிக்கொண்டிருந்த குழாய்க்கு வாஷர் மாற்றினார். மகள் வீட்டுக்குப் போய்வந்தோம். பொய் சொல்வானேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவர் மட்டும் சாப்பாட்டு நேரம் வந்தால் கடிகாரத்தைப் பார்ப்பார். நான் பார்க்காத மாதிரி இருந்துகொள்வேன். மவுத் ஆர்கன் சட்டைப்பையில் இல்லை, எங்கே வைத்தார் என்றும் நான் கேட்கவில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். வியாழக்கிழமை காலையில் வாசல் மணி அடித்தது. டிரைவிங் ஸ்கூல்காரர் நின்றிருந்தார், கண்கள் வீங்கியிருந்தன.

"அண்ணே, நீங்க வரணும்" என்றார். "அம்மாவுக்கு அந்த ஒரு நாள்தான் என்னைத் தெரிஞ்சுது. அடுத்த தடவை போனப்ப டாக்டர்னு கூப்பிட்டாங்க. வாசிச்சும் பாத்தேன், காதைப் பொத்திக்கிட்டாங்க. இப்ப சாப்பாடும் இறங்கல. என் பிள்ளை வரல, அவன் வந்து குடுத்தாத்தான் சாப்பிடுவேன்னு வாயை இறுக்கி மூடிக்கிறாங்க. நான்தாம்மா உன் பிள்ளைன்னு சொல்லிட்டேன். சொல்லக்கூடாதுன்னு தெரியும், வாய் வந்துடுச்சு. பயந்து அழுதுட்டாங்க."

ஒரு மாதமாக நான் கடைத்தெருவிலும் மகள் வீட்டிலுமாக அனுபவித்த நாள் அந்தக் கிழவியின் வயிற்றிலிருந்து எடுத்ததா என்று தோன்றியது. திரும்பி இவரைப் பார்த்தேன். அவர் அந்த ஆளுக்கு முகம் காட்டாமல் சடாரென்று குளியலறைக்குள் போய்விட்டார். பின்னாலேயே போனேன். குழாயைத் திறந்துவிட்டு முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் அந்த முகம் தெரிந்தது. கல்யாணத்தன்றுகூட நான் அதில் அவ்வளவு சந்தோஷத்தைப் பார்த்ததில்லை.

"அவரு பாத்துடப் போறாரு" என்றார் குரலை அடக்கி. "கேவலமா இருக்கு. நீயும் கூட வா. தனியாப் போகப் பயமா இருக்கு."

அப்படித்தான் நான் முதல் முறையாக அந்த மாடி அறைக்குள் போனேன். சின்ன அறை, இரும்புக் கட்டில், ஜன்னல் கம்பியில் காயப்போட்ட ஒரு துண்டு. கிழவி தலையணையோடு தலையணையாக ஒட்டிக் கிடந்தாள். மேசையில் குழைத்த சாப்பாடு தொடாமல் மேலே ஏடு கட்டியிருந்தது. இவர் வாசிக்கக்கூட இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா" என்றார். கண்ணைத் திறந்தாள். "போடா" என்றாள். "எங்கடா போய்த் தொலைஞ்சே?" என்று சொல்லிக்கொண்டே வாயைத் திறந்தாள். இவர் ஊட்ட ஊட்ட, பசித்த குழந்தைபோல் வாங்கிக்கொண்டாள். டிரைவிங் ஸ்கூல்காரர் தண்ணீர்ச் செம்பைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை. தன் அம்மா சாப்பிடுகிறாள் என்ற நிம்மதியும், தன் கையால் இல்லை என்ற வேதனையும் அந்த முகத்தில் ஒன்றாகவே இருந்தன. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

அப்போது கிழவி என்னைப் பார்த்துவிட்டாள். மெல்லுவதை நிறுத்தினாள்.

"இவளையும் கூட்டிட்டு வந்தியா?" என்று இவரிடம் கேட்டாள். பிறகு என்னிடம், "கிட்ட வாம்மா" என்றாள்.

கிட்டப் போனேன். கையைப் பிடித்தாள். எலும்பும் தோலுமான கை, ஆனால் பிடி உடும்புப்பிடி.

"குழந்தை போனப்ப நான் ஒரு வார்த்தை சொன்னேன்ல" என்றாள். "சொல்லியிருக்கக் கூடாதும்மா. சொன்ன அன்னிக்கே உன் அறை வாசல்ல வந்து நின்னேன். தட்டறதுக்கு வெக்கம். தட்டாமத் திரும்பிட்டேன். என்னை மன்னிச்சிடும்மா."

எல்லாவற்றையும் மறந்தவள் இதை மட்டும் மறக்காமல் வைத்திருந்தாள். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன், அவர் கரண்டியைப் பார்த்தார். வாசலைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நான் உங்கள் மருமகள் இல்லை அம்மா என்று சொல்லியிருக்கலாம். திருத்தக்கூடாது என்பது அந்த இடத்தின் சட்டம். ஆனால் நான் சட்டத்துக்காகச் சொல்லவில்லை. அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு வேறு எதையும் சொல்ல யாராலும் முடியாது.

"நான் அப்பவே மறந்துட்டேன் அத்தை" என்றேன். "நீங்க சாப்பிடுங்க."

அவள் பெரிதாக ஒரு மூச்சு விட்டாள். என் கையை விடாமலே மிச்சத்தையும் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிப்போனாள். அப்படியொரு தூக்கம், வாய் லேசாகத் திறந்து. நான் நல்ல காரியம் செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். சொல்வதற்கென்ன, கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மூன்று பேரும் படியிறங்கினோம். பாதியில் டிரைவிங் ஸ்கூல்காரர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"என் வீட்டுக்காரி மறக்கல அண்ணி" என்றார். "இன்னிவரைக்கும் மறக்கல. அந்த வார்த்தையை நினைச்சு நினைச்சு இப்பவும் அழறா. அம்மா வாயால ஒரு தடவை இதைக் கேட்டிருந்தா அவளுக்கு அது போதும். அவளுக்குன்னு வச்சிருந்தது அது ஒண்ணுதான். இப்ப நான் வீட்டுக்குப் போய் என்னன்னு சொல்வேன்? அம்மா மன்னிப்புக் கேட்டாங்க, நீ அங்க இல்லாததால வேற ஒருத்தங்க மன்னிச்சிட்டாங்கன்னு சொல்லவா?"

அவர் கோபத்தில் கேட்கவில்லை. கோபத்தில் கேட்டிருந்தால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன், எனக்கு வாய்க்கா பஞ்சம். ஊரார் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்று நான் அடுத்தவர்களைக் கேலி பேசியிருக்கிறேன். ஒருத்தி வருஷக்கணக்காக நெஞ்சில் பொத்தி வைத்திருந்த மன்னிப்பை எடுத்து, ஒரு நொடியில் நான் வாரிக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். உள்ளங்கையில் அந்தக் கிழவியின் கைச்சூடு இன்னும் இருந்தது. அது எனக்கு வந்திருக்கவேண்டிய சூடு இல்லை. என் வீட்டுக்காரர் ஒரு படி கீழே நின்று என்னை அண்ணாந்து பார்த்தார். இத்தனை வியாழக்கிழமைகளில் அவர் எதைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தார் என்று எனக்கு இனி யாரும் விளக்கவேண்டியதில்லை என்பது அவருக்கும் தெரிந்திருந்தது.

"சொல்லுங்க அண்ணி" என்றார் அந்த மகன். என்ன சொல்வதென்று அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. பதிலை வாங்கிக்கொண்டு போவதற்காகவே அங்கே நின்றார்.